துளியக்கா வேலி வழியே போன வழக்கு

தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த ஒருத்தி மீது, அதே நிலையத்துக்குள் அத்துமீறி நுழைந்ததாக வழக்குப் போட்டார்கள். கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். குற்றப்பத்திரிகையில் இருந்ததைப் படித்துக் காட்டியதும் சிரிப்பு நின்றது. பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியின்றிப் பிரவேசித்தது, குடிநீர் வரத்துக்கு அருகே அடையாளம் தெரியாத பொடியுடன் இருந்தது, அத்தியாவசியச் சேவைக்கு இடையூறு விளைவித்தது. ஆளைப் பார்க்காமல் இதை மட்டும் படித்தால், யாரோ பெரிய கைகாரி என்றுதான் நினைக்கத் தோன்றும்.

கைகாரியின் வயது நாற்பத்தெட்டு. எல்லோரும் துளியக்கா என்று கூப்பிடுவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிலையத்தில் இருக்கும் எட்டுக் குழாய்களுக்கும் போய், பாட்டிலில் தண்ணீர் பிடித்து, லேபில் கொண்டுவந்து மருந்து விட்டுப் பார்ப்பது அவள் வேலை. ஐந்து துளி விட வேண்டும். தண்ணீர் எவ்வளவு மஞ்சளாகிறதோ அதை வைத்துக் குளோரின் அளவு தெரியும். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணித்தான் விடுவாள். எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி பிடிக்கப் போவாள். போகிற வழியில் பேச்சுக் கொடுத்தவருக்கு நன்றாகக் கிடைக்கும்.

மற்ற ஷிப்டில் சிலர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே போன தடவை எழுதிய அளவையே திரும்ப எழுதுவார்கள். அதைச் சூப்பர்வைசரிடம் நேராகப் போய்ச் சொல்கிற ஒரே ஆள் இவள்தான். அதனால் அவளைப் பிடிக்காதவர்கள் உண்டு. பிடித்தவர்களுக்கும் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பிடித்தது. அப்பா அம்மா போன பிறகு தங்கையைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்துகொடுத்து, அதே நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தங்கையின் கணவருக்குச் சொல்லி விண்ணப்பமும் வாங்கிக் கொடுத்தவள். அவர் நிரந்தர ஊழியராகிவிட்டார். இவள் கடைசிவரை காண்ட்ராக்ட் ஆள்தான். தனக்கென்று கல்யாணம் காட்சி எதுவும் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "எட்டுக் குழாயோட மாரடிக்கவே நேரம் சரியா இருக்கு" என்பாள்.

அந்த நிலையத்தில் ஒரு மீன் தொட்டி உண்டு. அழகுக்கு வைத்தது இல்லை. ஆற்றிலிருந்து வரும் தண்ணீரில் ஒரு கிளை அந்தக் கண்ணாடித் தொட்டி வழியாக ஓடும். தண்ணீரில் விஷம் ஏதாவது கலந்திருந்தால் மெஷினுக்குத் தெரிவதற்கு முன்னால் மீனுக்குத் தெரிந்துவிடும். மீன் மிதந்தால் பம்பை நிறுத்த வேண்டும் என்று சுவரில் எழுதியே ஒட்டியிருந்தார்கள். தண்ணீர் உள்ளே வருகிற இடத்தில் ஒரு கம்பி வலை. இலை உதிர்கிற மாதங்களில் அந்த வலை ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் தண்ணீர் ஓடாது, மூச்சு முட்டியே மீன் சாகும். வலையைச் சுத்தம் செய்வதும் மீனுக்குத் தீனி போடுவதும் யார் வேலை என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. அதனால் துளியக்காவின் வேலையாகிவிட்டது. காய்ந்த ரொட்டியையும் கருவாட்டையும் சேர்த்து வீட்டிலேயே இடித்துப் பொடியாக்கிக் கொண்டுவருவாள். மீனுக்கு மீனையே போடலாமா என்று யாரும் கேட்டதில்லை. மீன்களும் கேட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நிலையத்தின் முன்கேட் பெரிய சாலையில் இருந்தது, பஸ் நிறுத்தமோ பின்பக்கம். இறங்கி மதிலைச் சுற்றிக்கொண்டு வர இருபது நிமிஷம் ஆகும். பின்பக்கக் கம்பி வேலியில் ஒரு இடுக்கு இருந்தது. 'அனுமதியின்றி நுழைவது தண்டனைக்குரிய குற்றம்' என்ற பலகைக்கு நேர் கீழே. எந்தக் காலத்தில் யார் வெட்டியதோ, லேப் ஆட்கள், பம்ப் ஆட்கள், பெருக்குகிறவர்கள், சூப்பர்வைசர் உட்பட எல்லோரும் அதன் வழியாகத்தான் வந்துபோனார்கள். கடைசியாக வருகிறவர் ஒரு கம்பியால் இடுக்கை முறுக்கிக் கட்டிவிட வேண்டும். கட்டாமல் விட்டால் மாடு வந்துவிடும். இது எழுதாத சட்டம். எழுதின சட்டத்தை மறந்தாலும் இதை யாரும் மறந்ததில்லை. உள்ளே வந்த பிறகு முன்கேட்டுக்கு நடந்துபோய், அங்கிருக்கும் மெஷினில் பாஸைக் காட்டி வருகையைப் பதிந்துகொள்வார்கள். ஆகவே பாஸ் என்பது மெஷினுக்குக் காட்டுவதற்காக இருக்கிற ஒன்று, ஆளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றே அவர்கள் மனதில் பதிந்துபோயிருந்தது. வெளியாள் ஒருவர் இப்படி நினைக்க மாட்டார்.

அந்த வருஷம் காண்ட்ராக்ட் வேறு கம்பெனிக்குப் போனது. வெள்ளிக்கிழமையோடு பழைய பாஸ்கள் முடிந்தன. திங்கட்கிழமை வந்து பழைய பாஸை ஒப்படைத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு ஒட்டினார்கள்.

"சனி, ஞாயிறு வலையை யாரு பாப்பாங்க?" என்று துளியக்கா சூப்பர்வைசரிடம் கேட்டாள்.

"எல்லாம் புது கம்பெனி பாத்துக்கும்மா. நீங்க ரெண்டு நாள் நிம்மதியா தூங்குங்க."

அவள் தூங்கவில்லை. சனிக்கிழமை விடிந்ததிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. லேபுக்குப் போன் செய்தாள், எடுக்க ஆளில்லை. தங்கையின் கணவருக்கு அன்று ஷிப்ட் இல்லை. பம்ப் அறையில் இருக்கிற ஆள் இருக்கையை விட்டு நகரக்கூடாது. பத்து நிமிஷ வேலை என்று பொடிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வழக்கம்போல இடுக்கு வழியே உள்ளே போய், வழக்கம்போலக் கம்பியை முறுக்கிக் கட்டினாள். வலை முக்கால்வாசி அடைத்திருந்தது. கையை விட்டு இலையை அள்ளிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒருவர் வந்து நின்றார். புதுச் சீருடை, ஐம்பது ஐம்பத்திரண்டு வயதிருக்கும்.

"யாரும்மா நீங்க?"

"அதை நான் கேக்கணும். முதல்ல தள்ளி நில்லுங்க. உங்க பூட்ஸ் மண்ணு தண்ணியில விழுது."

அவர் மரியாதையாகத் தள்ளி நின்றார். நின்றுகொண்டு, "பாஸைக் காட்டுங்க" என்றார்.

"நேத்தோட முடிஞ்சுது. திங்கக்கிழமை புதுசு தர்றாங்க."

"அப்ப திங்கக்கிழமை வாங்க."

"நான் வந்துருவேன். மீனு அதுவரைக்கும் இருக்குமா?"

"கையில என்ன பொட்டலம்?"

"பொடி."

"என்ன பொடி?"

"உங்களுக்கு ஒண்ணொண்ணா விளக்கிக்கிட்டு நிக்க எனக்கு நேரமில்ல" என்று வாயைக் கொடுத்தாள். நேரம் இருந்திருக்கலாம். பிறகு ஆறு மாதம் அதைத்தான் ஒவ்வொருவருக்காக விளக்கிக்கொண்டிருந்தாள்.

செக்யூரிட்டிக்கு அது முதல் நாள். பாஸ் இல்லாத ஆள், ஆற்றுத் தண்ணீர் வருகிற இடம், கையில் பொடி. பயிற்சியில் சொன்னபடி தகவல் கொடுத்தார். பம்பை நிறுத்தினார்கள். போலீஸ் வந்தது. பொடியை உறையில் போட்டு முத்திரை வைத்தார்கள். அதை முகர்ந்துபார்த்த அதிகாரி முகத்தைச் சுளித்தார், அதையும் எழுதிக்கொண்டார்கள். மதியம் மூன்று மணிவரை ஊரில் பாதிக்குத் தண்ணீர் வரவில்லை. குடிநீரில் என்னத்தையோ கலக்கப் பார்த்தவள் என்று அவள் போட்டோ போன் போனாகப் போனது. தங்கையும் தங்கையின் கணவரும் வந்து கையெழுத்துப் போட்டு ஜாமீனில் அழைத்துப்போனார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அவளை உற்றுப் பார்த்துவிட்டு எழுந்து வேறு இருக்கைக்குப் போனாள். பத்தொன்பது வருஷம் இவள் சரி என்று சொன்ன தண்ணீரைக் குடித்தவள்தான். துளியக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

இலவச சட்ட உதவியில் அவளுக்குக் கிடைத்த வக்கீலம்மா சுறுசுறுப்பான ஆள். சட்டத்தைக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "இந்த மாதிரி இடத்துக்கு நல்ல எண்ணத்தோட போனீங்களா, கெட்ட எண்ணத்தோட போனீங்களாங்கிறது ரெண்டாவது கேள்விதாம்மா. அனுமதி இல்லன்னு தெரிஞ்சே போனீங்களா? அவ்வளவுதான். மின்சாரம், தண்ணி, ரயில் தண்டவாளம், இதெல்லாம் இருக்கிற இடத்துல சும்மா எட்டிப்பார்த்தாக்கூட குத்தம்."

"நான் எட்டிப்பாக்கல. இலையை எடுத்தேன்."

"அது இன்னும் கஷ்டம்."

வழி இரண்டு இருந்தது. பொடியைப் பற்றிய அறிக்கை வந்து அது வெறும் தீனி என்று தெரிந்ததும் பெரிய குற்றச்சாட்டுகள் தானாக விழுந்துவிடும். மிச்சமிருக்கும் அத்துமீறலை ஒப்புக்கொண்டால் சின்னத் தண்டனையோடு முடியும். ஆனால் பெயர் பதிவாகிவிடும். நன்னடத்தைச் சான்றிதழ் கிடைக்காது. அது இல்லாமல் புதுக் கம்பெனி மட்டுமல்ல, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், எந்தக் கேட்டும் அவளுக்குத் திறக்காது. இரண்டாவது வழி, வழக்கை நடத்துவது. அந்த இடுக்கு எல்லோரும் புழங்கிய வழி, மேலதிகாரிகளுக்குத் தெரிந்தே நடந்தது, அதனால் தனக்கு அனுமதி இருப்பதாகவே இவள் நினைத்தாள் என்று காட்ட வேண்டும்.

"அதைச் சொல்ல ஒரு ஆள் வேணும். நானும் அப்படித்தான் வந்தேன்னு கூண்டுல ஏறிச் சொல்லணும்" என்றார் வக்கீலம்மா.

அங்கேதான் சிக்கல். அப்படிச் சொல்கிறவர் தன் குற்றத்தையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறார். முப்பது பேர் புழங்கிய வழி அது. கேட்கப் போனபோது ஒருவருக்கும் அப்படி ஒரு வழி இருந்ததே ஞாபகம் இல்லை. ஒரு வாரத்தில் வேலியையும் புதிதாக அடைத்துவிட்டார்கள்.

தங்கை ஒரு மத்தியானம் வந்தாள். காபி போட்டுக் கொடுத்ததைக் குடிக்காமல் தம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, அவரைச் சாட்சிக்குக் கூப்பிடாதக்கா. சஸ்பெண்ட் பண்ணிருவாங்க. பிள்ளைங்க படிப்பு பாதியில நிக்குது."

"அவரு சொல்லி அனுப்பினாரா?"

"இல்ல. அவரு சாப்பிடாம கொள்ளாம உக்காந்திருக்காரு. நானாத்தான் வந்தேன்."

"சரி, கூப்பிடல."

"உனக்குக் கோவம் இல்லியே?"

"எதுக்குக் கோவம்? காபியைக் குடி, ஆறிப்போச்சு."

வழக்கு ஆறாவது மாதம் விசாரணைக்கு வந்தது. பொடி பற்றிய அறிக்கை அதற்குள் வந்திருந்தது. ரொட்டி, மீன் புரதம், உப்பு. பெரிய குற்றச்சாட்டுகள் இரண்டும் போயின, அத்துமீறல் மட்டும் நின்றது. சூப்பர்வைசர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, நிலையத்துக்கு ஒரே வழி முன்கேட்தான், வேறு வழி இருப்பதாகத் தான் கேள்விப்பட்டதுகூட இல்லை என்று கண் இமைக்காமல் சொன்னார். துளியக்காவுக்கு நாக்கு துறுதுறுத்தது. வக்கீலம்மா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் முறை வந்தபோது அரசு வக்கீல் கேட்டார். "வெள்ளிக்கிழமையோட பாஸ் முடிஞ்சது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லச் சொல்லி யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் சொல்லியிருந்தால் வக்கீலம்மா வருத்தப்பட்டிருக்க மாட்டார்.

"பாஸ் முடிஞ்சது தெரியுங்க" என்றாள். "நான் முடிஞ்சது தெரியாது."

அடுத்து அவளைப் பிடித்த செக்யூரிட்டி ஏறினார். இருபத்தைந்து வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். கேட்ட கேள்விக்கு மீதி வைக்காமல் பதில் சொல்கிற பழக்கம் அதில் வந்ததோ என்னவோ. நடந்ததை நடந்தபடி சொன்னார், பூட்ஸைப் பற்றி அவள் திட்டியது உட்பட. வக்கீலம்மா எழுந்து, பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லாமல், அவள் எந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்க முடியும் என்று மட்டும் கேட்டார்.

"வேலி இடுக்கு வழியாத்தாங்க. நானும் அன்னிக்குக் காலையில அந்த வழியாத்தானே வந்தேன்."

கோர்ட்டில் பேனாக்கள் நின்றன. நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த வழியை உங்களுக்கு யார் காட்டியது?"

"சூப்பர்வைசர் சார்தாங்க. பஸ்ல வந்தா பின்னாடியே வந்துருங்க, சுத்திக்கிட்டு வர வேணாம், கம்பியை மட்டும் கட்டிருங்கன்னு போன்ல சொன்னாரு. அவரும் எனக்குப் பின்னாடி அப்படித்தான் வந்து, என்னை வேலையில உக்கார வச்சிட்டுப் போயிட்டாரு."

சூப்பர்வைசர் தன் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டோம் என்பது செக்யூரிட்டிக்குத் தெரியவில்லை. அவரிடம் யாரும் அதைச் சொல்லி வைக்கவில்லை. கேட்டார்கள், சொன்னார், இறங்கிப் போனார்.

தீர்ப்பு சின்னது. நிர்வாகமே அந்த வழியைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. பழைய பாஸைத் திங்கட்கிழமைதான் ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறது. இடையில் வந்தவருக்குத் தனக்கு அனுமதி இல்லை என்பது தெரிந்தே இருந்தது என்று சொல்ல முடியாது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை. தங்கை கோர்ட் வாசலிலேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தங்கையின் கணவர் இரண்டடி தள்ளி நின்று, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது அண்ணி" என்றார். ஆமா மாப்பிள்ளை என்றாள். சான்றிதழ் வந்தது, புதுப் பாஸும் வந்தது. ஒரு வருஷத்துக்கு. எட்டுக் குழாய்களும் அப்படியே இருந்தன. மீனில் மூன்று குறைந்திருந்தது.

கேட்டில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். முதலில் இருந்தவர் எங்கே என்று கேட்டாள். தீர்ப்புக்கு மறுநாளே அனுப்பிவிட்டார்கள் என்றார். நிர்வாகத்தின் மீது பொய் சொன்னார் என்பது காரணம்.

இரண்டு நாள் அவள் குழாய்களைச் சுற்றினாள். மூன்றாம் நாள் துளி எண்ணும்போது நாலுக்கு அப்புறம் எண்ணிக்கை விட்டுப்போனது. யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. தானாகவே விட்டுப்போனது. அன்று வேலை முடிந்ததும் விலாசம் விசாரித்துக்கொண்டு செக்யூரிட்டியின் வீட்டுக்குப் போனாள். ஒரு அறை, ஒரு சமையல் மேடை, ஜன்னலோரம் தையல் மெஷினில் அவர் மனைவி. அவர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். கோபமாக எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"பொய் சொன்னேன்னு எழுதிட்டாங்கம்மா" என்றார். "அன்னிக்கு உங்களைப் பிடிச்சதும் சரிதான், கோர்ட்ல சொன்னதும் சரிதான். ரெண்டும் சரியா செஞ்சும் எப்படி வேலை போச்சுன்னு வீட்ல கேக்குறா. எனக்கும் சொல்லத் தெரியல."

வக்கீலம்மாவிடம் போனாள். தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், ஆனால் அவர் சொன்னது உண்மை என்று எழுதிக்கொடுக்க இரண்டு பேர் வேண்டும் என்றார். "நீங்க எழுதினா அடுத்த வருஷம் உங்க பாஸைப் புதுப்பிக்க மாட்டாங்க. யோசிச்சுக்கோங்க. இன்னொருத்தர் நிரந்தர ஊழியரா இருக்கணும். அப்பதான் எடுபடும்."

யோசிக்காமல் இல்லை. அந்தச் சான்றிதழுக்காக ஆறு மாதம் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அதையும் பாஸையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வக்கீலம்மா தட்டச்சு செய்து கொடுத்த இரண்டு காகிதங்களில் ஒன்றில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள்.

பிள்ளைகள் வெளியே போயிருந்தார்கள். தங்கையின் கணவர் ரேடியோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். காகிதத்தை அவர் முன்னால் வைத்து, விஷயத்தைச் சொன்னாள். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"அவரு எனக்கு யாரு அண்ணி? நான் பார்த்ததுகூட இல்ல."

"எனக்கு மட்டும் அவரு யாரு மாப்பிள்ளை? என்னைப் பிடிச்சுக் கொடுத்தவரு."

தங்கை சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"கோவம் இல்லன்னு அன்னிக்கு இவகிட்டச் சொன்னேன்" என்றாள் துளியக்கா. குரல் உயரவில்லை. "அது பொய். ஆறு மாசமா எனக்குக் கோவம். ஊரே என்னை விஷம் வச்சவன்னு பாத்துச்சு, அது பரவால்ல. நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கல. அது எனக்கு ரொம்ப வலிச்சுது. எனக்காகச் செய்ய வேணாம், எனக்குத் தேவைப்பட்டது முடிஞ்சுபோச்சு. நீங்க சொல்லியிருக்க வேண்டியதை அந்த மனுஷன் சொல்லிட்டாரு. அதுக்குத்தான் வீட்ல உக்காந்திருக்காரு."

தங்கையின் கணவர் துணியை மடித்தார். மறுபடி பிரித்து மடித்தார். காகிதத்தைக் கையில் எடுத்து, தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். தங்கை அவரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன சொல்லப்போகிறாள் என்று துளியக்கா காத்திருந்தாள்.

தங்கை உள்ளே போய் அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்துவந்து, முந்தானையில் துடைத்து, காகிதத்தின் பக்கத்தில் வைத்தாள்.